முதல் பொட்டலம்

கோயம்புத்தூர்
9.1.2025

அன்புள்ள அருணாவுக்கு,

அக்கா கண்ணாயி எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே ஒருவழியாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் சுகமா? மலையில் பனி இறங்கியிருக்கும். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

என்னால் இன்னும் பேச முடியவில்லை. அம்மா போனைக் காதில் வைத்தால் நீ பேசுவது கேட்கிறது. பதில் சொல்லத்தான் வாய் இல்லை. அரியூர் நாட்டுப் பள்ளத்தில் டவர் எப்போது வரும், எப்போது போகும் என்றும் தெரியாது. அந்தப் போனும் பாதி நேரம் உன் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீ வேலை பார்க்கும் பால்வாடி விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இடது பக்கத் தாடையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். என் காலிலிருந்து ஓர் எலும்பை எடுத்து, தாடை போல அமைத்து வைத்திருக்கிறார்கள். காலெலும்பும் தாடையும் சேரும் இடத்தில் புதிதாக ஒரு பொருளை வைத்து அடைத்திருக்கிறார்கள். எலும்பில் இருக்கும் சத்தைக் கொண்டே செய்ததாம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல, அதைப் பிடித்துக்கொண்டு என் எலும்பு வளரும். வளர்ந்ததும் சாரம் தானாகக் கரைந்துபோகும் என்று ராதிகா டாக்டர் படம் வரைந்து காட்டினார். இது ஆராய்ச்சி, எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். சரி என்று தலையாட்டினேன்.

அந்த டாக்டருக்கு இன்னொரு ஆராய்ச்சியும் இருக்கிறது. நம் மலைப் பெண்களுக்கு ஏன் இவ்வளவு வாய்ப் புற்றுநோய் என்று பார்க்கிறார். நேற்று என் கட்டிலில் உட்கார்ந்து, "கண்ணாயி, முதல் பொட்டலத்தை உங்க கையில் கொடுத்தது யாரு?" என்று கேட்டார்.

அருணா, இத்தனை வருடத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஏன் போடுகிறாய் என்று திட்டியிருக்கிறார்கள். விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறார்கள். யார் கொடுத்தது என்று கேட்டதே இல்லை. நானும் தலையெழுத்து என்றுதான் நினைத்திருந்தேன். சிலேட்டை வாங்கி "அர்த்தனாரி" என்று எழுதினேன்.

எட்டாம் வகுப்போடு நின்று மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கப் போன முதல் வாரம். ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கு ஏற்ற லாரியோடு அவன் வந்து நின்றான். நாங்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்தோம். "கஞ்சி குடிச்சு எந்திரிக்கிறதுக்குள்ள பொழுது போயிருது புள்ளைகளா. இதை வாயில ஒதுக்கிக்கங்க. பசியே தெரியாது" என்று ஆளுக்கொரு புகையிலைப் பாக்குப் பொட்டலம் கொடுத்தான். எனக்குப் பதினான்கு வயது. அன்றிலிருந்து அவன் வேலைக்காட்டில் மத்தியானம் என்று ஒன்று கிடையாது.

அவன் இன்னும் வருகிறானா? இன்னும் கொடுக்கிறானா? அரசு தடை செய்த சரக்கு எப்படி மலை ஏறுகிறது, யார் கொண்டுவருகிறார்கள் என்று விசாரித்து எழுது.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா
கண்ணாயி


அரியூர் நாடு
26.1.2025

அன்பான அக்காவுக்கு,

அருணா கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் பால்வாடிக் குழந்தைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். கஞ்சி இறங்குகிறதா? கால் புண் ஆறிவிட்டதா? அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

மிளகு பறிப்பு நடக்கிறது. உன் பங்கு மரத்திலும் நானே ஆள் விட்டுப் பறித்து, காய வைத்திருக்கிறேன். உன் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. இரண்டும் கிடாய்.

அர்த்தனாரி வந்துகொண்டுதான் இருக்கிறார். இந்த வருடம் கிழங்குக்கு நல்ல விளைச்சல். உன்னை விசாரித்தார். நீ அதையெல்லாம் மனதில் போட்டு உழப்பாதே அக்கா. அடுத்த மாதம் பெரியண்ணன் கோயிலுக்குப் போய் உன் பேரில் வேலில் ஒரு கோழி குத்திவிட்டு வருகிறேன். கெடுதல் செய்தவர்களைச் சாமி பார்த்துக்கொள்ளும். நீ உடம்பு தேறி வந்தால் போதும்.

அம்மாவுக்குச் சாமை மாவு கொடுத்து அனுப்பப் பார்க்கிறேன்.

உன் தங்கை
அருணா


கோயம்புத்தூர்
8.2.2025

அருணா கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. கால் புண் ஆறிவிட்டது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள், ஸ்பூனில் கஞ்சி இறங்குகிறது. அடுத்த வாரத்திலிருந்து கதிர்வீச்சு, நம் ஊரில் கரண்டு வைப்பது என்பார்களே, அதைத் தொடங்கப் போகிறார்கள். உங்கள் சுகத்துக்கு எழுது.

கோழி குத்து, வேண்டாமென்று சொல்லவில்லை. சாமி பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் சாமி பார்ப்பதை நானும் பார்க்க வேண்டும்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள். பழகிப் பார்க்கப் பிடித்த பேர் ஒன்றைச் சொல்லுங்கள் என்றாள். பக்கத்துக் கட்டில் அம்மா பேரன் பேரைச் சொன்னாள். நான் சிலேட்டில் அர்த்தனாரி என்று எழுதிக் காட்டினேன். "உங்க வீட்டுக்காரருங்களா?" என்று சிரித்தாள். என் வீட்டுக்காரர் செத்து ஆறு வருடம் ஆயிற்று என்று அவளுக்கு எங்கே தெரியும். ர் வரவில்லை. த் வரவில்லை. எச்சில்தான் வருகிறது. ஆனாலும் காலையிலும் மாலையிலும் அவன் பேரை மென்று துப்பிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் செம்மேட்டுச் சந்தைக்கு நடுவில் நின்று அதைத் தெளிவாகச் சொல்வேன்.

ராதிகா டாக்டர் நம் பகுதியிலிருந்து வந்த பெண்களையெல்லாம் தனியாக எடுத்துப் பார்த்தாராம். பாதிக்கு மேல் கிழங்குக் காட்டு வேலைக்காரிகள். எல்லோருக்கும் கன்னத்தில் ஒதுக்கும் இடத்திலேயே நோய். கேட்ட கேள்விக்கும் ஒரே பேரைத்தான் சொன்னார்களாம். டாக்டர் அதைப் படிப்பாகப் பார்க்கிறார். எனக்கு அது படிப்பில்லை.

மார்ச் மாதம் அவர்கள் அரியூர் நாட்டில் வாய்ப் பரிசோதனை முகாம் போடுகிறார்கள். நீ பால்வாடியில் இருக்கிறாய், எல்லாப் பெண்களையும் உனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு வா. நீயும் வாயைக் காட்டு. நாம் புகார் எழுதுவோம்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. சரக்கை யார் கொண்டுவருகிறார்கள்?

அம்மா உங்களை விசாரித்தாள்.

கண்ணாயி


அரியூர் நாடு
2.3.2025

அன்பான அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். கரண்டு வைத்ததில் வாய் வெந்துபோகும் என்கிறார்களே, உனக்கு எப்படி இருக்கிறது? நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இளநீர் நிறையக் குடி.

முகாமுக்கு ஆள் சொல்லிவிட்டேன். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியவில்லை. அர்த்தனாரி பேரைச் சொல்லிப் புகார் எழுத இங்கே யாருக்கும் தைரியம் வராது அக்கா. கோயில் கட்ட மண் அடித்தது அவர் லாரி. பிரசவத்துக்குப் பெண்களைச் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவது அவர் ஜீப். உன்னையும் மலையிலிருந்து இறக்கியது அந்த ஜீப்தான். அதை நீ மறந்துவிடக் கூடாது.

நேற்று அவர் வந்து, "அக்காளுக்குப் பலா இனிக்க இனிக்க அனுப்பறேன்னு சொல்லு புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை, அதனால் இத்தோடு முடிக்கிறேன்.

அருணா


கோயம்புத்தூர்
24.3.2025

அருணாவுக்கு,

குழந்தைக்குக் குணமாயிற்றா? முதலில் அதை எழுது.

எனக்கு வாய் வெந்துதான் போயிருக்கிறது. தண்ணீர் பட்டாலும் நெருப்பு. அதை விடு.

ஜீப்பை நான் மறக்கவில்லை. பின் சீட்டில் அம்மா மடியில் படுத்துத் துணியில் ரத்தம் துப்பிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் முன் சீட்டிலிருந்து திரும்பி, "இன்னும் கொஞ்ச தூரந்தான் கண்ணாயி, தைரியமா இரு" என்று சிரித்தான். பல் ஒவ்வொன்றும் வெள்ளை வெளேரென்று இருந்தது. இருபத்தைந்து வருடமாக மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தவன் ஒரு பொட்டலத்தைக்கூடத் தன் வாயில் போட்டதில்லை. அவனுக்குத் தெரியும் அருணா. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

முகாம் முடிந்து ராதிகா டாக்டர் வந்தார். கூட்டம் நன்றாக வந்ததாம். ஆனால் பால்வாடி அருணா மட்டும் எல்லோரையும் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று கிளம்பிவிட்டாள் என்றார். பரவாயில்லை என்று நினைத்தேன். பிறகு இன்னொன்று சொன்னார். சரக்கு எப்படி வருகிறது என்று கேட்டதற்குப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்களாம். ஒருத்தி, "அதை அருணா ஊட்டுக்காரரைத்தானுங்க கேக்கோணும்" என்றாளாம்.

உன் வீட்டுக்காரர் இளங்கோவா?

இரண்டு கடிதத்தில் நான் கேட்ட கேள்விக்கு நீ மிளகையும் ஆட்டுக்குட்டியையும் எழுதினாய். என் தாடையைத் தின்ற சரக்கை உன் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு வருகிறார். நீ அந்தச் சம்பளத்தில் உலை வைத்துக்கொண்டு, எனக்கு இளநீர் குடிக்கச் சொல்கிறாய்.

உடனே பதில் எழுது.

கண்ணாயி


கோயம்புத்தூர்
28.4.2025

அருணாவுக்கு,

ஒரு மாதம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று செம்மேட்டிலிருந்து வந்தவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு ஒன்றுமில்லை, இருக்கிறோம்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் போலீசுக்கும் புகார் எழுதி வைத்திருக்கிறேன். லாரி நம்பர் போட்டிருக்கிறேன். ஓட்டுவது யார் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதை நிரப்ப எனக்கு ஒரு நிமிடம் போதும். அர்த்தனாரி அழிய வேண்டும். நடுவில் யார் நின்றாலும் நிற்கட்டும்.

நீ என் தங்கை என்பதற்காக இன்னும் ஒரு முறை கேட்கிறேன். எழுது.

கண்ணாயி


அரியூர் நாடு
10.5.2025

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கோபத்தோடு படிக்காதே. நிதானமாகப் படி.

அவர்தான் ஓட்டுகிறார். மூன்று வருடமாக. மேலே வரும்போது தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் சரக்கு வரும். இறங்கும்போது கிழங்கு போகும். வாசலூர்பட்டிப் படகுத்துறைப் பக்கம் ஒரு கடையில் பாதி, செம்மேட்டில் பாதி இறக்குவார். எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். வேறு லாரி கிடைக்கவில்லை என்பார், நானும் சரி என்பேன். உனக்கு அதை எழுத எனக்கு முகம் இல்லை.

ஆனால் முகாமிலிருந்து நான் ஓடியது அதற்காக இல்லை.

கல்யாணத்தோடு பொட்டலத்தை விட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொன்னது பொய். விடவே இல்லை. அவர் லாரியிலிருந்தே எடுத்துக்கொள்வேன். ஒரு வருடமாக வலது கன்னத்துக்குள் வெள்ளையாகப் படை மாதிரி இருக்கிறது. காரம் பட்டால் எரிகிறது. முன்பு போல வாய் திறப்பதில்லை, இரண்டு விரல்தான் உள்ளே போகிறது. உனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும்.

முகாம் அன்று காலையில் பந்தலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா ஒவ்வொருத்தியிடமும் அதே கேள்வியைக் கேட்டார். முதல் பொட்டலத்தை யார் கொடுத்தது. எல்லோரும் அர்த்தனாரி என்றார்கள். என் முறை வந்தால் நான் என்ன சொல்வது?

அப்போது எனக்கு ஆறு வயது அக்கா. அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிழங்குக் காட்டுக்குப் போனாய். மத்தியானம் பசிக்கிறது என்று அழுதேன். அர்த்தனாரி பார்த்தால் கூலியைப் பிடிப்பார் என்று என்னை வரப்புக்குக் கீழே உட்கார வைத்து, உன் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை என் கன்னத்தில் ஒதுக்கினாய். "அழுவாத சாமி, இத்த சப்பிக்கிட்டு இரு, பசிக்காது" என்றாய். எனக்குத் தலை சுற்றிற்று. உன் மடியிலேயே தூங்கிவிட்டேன். அதற்குப் பிறகு நானே உன் மடியில் தேட ஆரம்பித்தேன்.

டாக்டரம்மா கேட்டால் நான் உன் பேரைத்தான் சொல்ல வேண்டும். நீ அங்கே அரைத் தாடையோடு கிடக்கும்போது அதை எப்படிச் சொல்வேன்? அதனால்தான் ஓடினேன். அதனால்தான் எழுதவில்லை.

புகாரில் என் வீட்டுக்காரர் பேரை எழுதிக்கொள். நான் தடுக்க மாட்டேன்.

அருணா


கோயம்புத்தூர்
17.5.2025

அருணா, என் கண்ணு,

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை.

நீ எழுதியது உண்மை. படிக்கும் வரை அது என் நினைவில் இல்லை. படித்ததும் அந்த வரப்பு, உன் மூக்குச்சளி, உன் பச்சைப் பாவாடை எல்லாம் வந்துவிட்டது. இரண்டு நாள் பயிற்சிக்குப் போகவில்லை. சிலேட்டைக் கையில் தொடவில்லை.

மன்னித்துவிடு என்று எழுத வருகிறது. எழுத மாட்டேன். நீ மன்னித்துவிட்டால் அதோடு எனக்குச் சரியாகிவிடும். எனக்குச் சரியாகக் கூடாது. பதினான்கு வயதுப் பெண்ணின் கையில் விஷத்தைக் கொடுத்து, அவள் கையாலேயே அவள் தங்கைக்கு ஊட்ட வைத்திருக்கிறான். என் தாடைக்காக மட்டும் அவன் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு சின்னக் கோபம் அது!

ராதிகா டாக்டரிடம் உன் வாயைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சிலேட்டில் எழுதவில்லை, வாயால் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. புண்ணாகாமல் வெள்ளையாகவே இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, ஒரு மாதத்துக்குள் வரச் சொல் என்றார். இதில் மட்டும் என் பேச்சைக் கேள்.

புகார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இளங்கோ பேரை நான் எழுதவில்லை. லாரி வழக்கமாக வரும் நாளில் மாட்டினால் அர்த்தனாரி எனக்குத் தெரியாது என்பான், உன் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே போவார். அவன் லாரியில் இருக்கும்போது, ஊர் பார்க்கும்போது மாட்ட வேண்டும். எந்த நாள் என்று நீங்கள் இருவரும் பேசிச் சொல்லுங்கள். அந்த நாளுக்கு அதிகாரிகள் வர நான் ஏற்பாடு செய்கிறேன். ராதிகா டாக்டரும் தன் ஆராய்ச்சியில் கண்டதை அவர்களுக்கு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா


அரியூர் நாடு
8.6.2025

அன்பான அக்காவுக்கு,

நானும் குழந்தையும் சுகம். அவர் சுகமா என்று கேட்டால் நாமக்கல் ஜெயிலில் இருக்கிறார். அழாமல் எழுதுகிறேன், நீயும் அழாமல் படி. நீயும் அம்மாவும் நலம்தானே?

உன் கடிதம் வந்த அன்றே அவரை உட்கார வைத்து, டார்ச்சைக் கையில் கொடுத்து வாயைத் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டு டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார்.

"எப்ப இருந்து புள்ள?"

"நீங்க கொண்டாறதைத்தான் போட்டுக்கிட்டிருக்கறன். எப்ப இருந்துன்னா என்னன்னு சொல்றது?"

நீ எழுதியதைச் சொன்னேன். "என்னையுமில்ல புடிப்பாங்க" என்றார்.

"புடிக்கட்டுமுங்க. உங்களை நான் வெளிய கொண்டாந்துக்குவேன். இந்த வாயை யாரு கொண்டாருவா?"

அவர் டார்ச்சை எடுத்து அணைத்தார். அர்த்தனாரி கணக்குப் பார்க்கச் சந்தை நாளில் லாரியிலேயே செம்மேட்டுக்கு வருவார் என்று மட்டும் சொன்னார். அதைத்தான் நான் போன் செய்து, பக்கத்தில் கேட்பவர்களுக்குப் புரியாதபடி உன்னிடம் "நாயித்துக்கெழம கோழி குத்தறோம்" என்று சொன்னது.

சந்தை நிறைந்திருந்தது. லாரி பஸ் ஸ்டாண்டு தாண்டி வந்ததும் என் வீட்டுக்காரர் நடு ரோட்டில் நிறுத்தி, சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். "ஏண்டா, வண்டிக்கு என்ன?" என்று அர்த்தனாரி தலையை நீட்டினார். அதற்குள் அதிகாரிகள் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார்கள். தவிட்டு மூட்டையைக் குத்திச் சாய்த்ததும் பொட்டலம் பொட்டலமாக ரோட்டில் கொட்டிற்று.

"எனக்கொண்ணும் தெரியாதுங்க சார். டிரைவர் பய ஏத்திருப்பான்" என்றார், நீ சொன்னது போலவே.

பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மாதம்மாள் அக்காவைத் தெரியுமல்லவா, போன வருடம் கன்னத்தில் ஆபரேஷன் செய்தவள். முகத்தைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு அர்த்தனாரி பக்கக் கதவுக்கு நேராகப் போய் நின்றாள். "தெரியாதுங்களா? எனக்குப் பன்னெண்டு வயசில இதுக்குள்ள போடச் சொன்னது உங்க கைதானுங்க" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கமும் நம் பெண்கள்தான்.

நான் லாரிப் படியில் ஏறினேன். கீழே கிடந்ததில் ஒன்றை எடுத்து, பிரித்து அவர் வாய்க்கு நேராக நீட்டினேன். "ஏனுங்க, பசி தெரியாதுன்னீங்கல்ல? ஒரு கெடுதியும் இல்லைன்னீங்கல்ல? அத்தனை பேரும் பாக்கறாங்க. ஒரே ஒரு பொட்டலம். வாயில போடுங்க."

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார் அக்கா. நான் கையை எடுக்கவில்லை. "போடுங்க" என்றாள் மாதம்மாள். "போடுங்க, போடுங்க" என்று சந்தை முழுக்கச் சொன்னார்கள். அவருக்கு வியர்த்து வழிந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. போலீஸ்காரர்கூட, "என்னங்கய்யா, உங்க சரக்கு இல்லைன்னா போட்டுத்தான் காட்டுங்களேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரைப் பார்த்துச் செம்மேடு சிரித்ததை என் வாழ்நாளில் இப்போதுதான் பார்க்கிறேன்.

இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்துச் சாட்சி சொல்கிறேன் என்றிருக்கிறார். அடிவாரத்தில் அர்த்தனாரி குடோனுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். என்னிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். முதலில் யார் கொடுத்தது என்று அவர்களும் கேட்டார்கள். இந்த முறை நடந்தது முழுவதையும் சொன்னேன். உன் பேரையும், உனக்குக் கொடுத்தவர் பேரையும்.

அவர் வெளியே வந்ததும் கோயம்புத்தூர் வருகிறேன்.

உன்
அருணா


கோயம்புத்தூர்
3.8.2025

அன்பான அக்காவுக்கு,

நானும் அவரும் இங்கே நலம். நீயும் அம்மாவும் மலை ஏறிப் போனதிலிருந்து இந்த வார்டு வெறிச்சென்று இருக்கிறது. குழந்தை உன்னிடம் ஒட்டிக்கொண்டானா? பசும்பாலைக் காய்ச்சிக் கொடு, பச்சையாகக் கொடுக்காதே.

நீ படுத்திருந்த கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளித்தான் எனக்கு இடம். இப்போது நான் எழுத, நீ அங்கே படிக்கிறாய். எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் கன்னம் இழுக்கிறது.

கன்னத்தில் எடுத்த சதையின் ரிசல்ட் வந்தது. புற்று இல்லை. ஆனால் அதற்கு முந்தின நிலை, இன்னும் சில மாதம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் ராதிகா டாக்டர். ஓர் இடத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதி இடத்தில் தினமும் ஒரு சின்னப் படலத்தை ஒட்டுகிறார்கள். வெங்காயச் சருகு மாதிரி மெல்லியது. எச்சிலில் கரைந்து ஓடாமல் கன்னத்தில் பிடித்துக்கொண்டு மருந்தை மெதுவாக விடுமாம். இதுவும் ஆராய்ச்சிதான். எத்தனையோ வருடம் பொட்டலம் ஒதுக்கிய அதே இடத்தில் இப்போது இதை ஒதுக்குகிறேன். பொட்டலம் வேண்டும் என்று இன்னும் தவிப்பு வருகிறது, பொய் சொல்ல மாட்டேன். அப்போது அவர் என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியைச் சுற்றி நடக்கிறார்.

அர்த்தனாரியும் இவரைப் போலவே ஜாமீனில் வந்துவிட்டதாக இவருக்குப் போன் வந்தது. ஊரில் என்ன பேச்சு? உன்னிடம் வந்து எதுவும் சொன்னால் தனியாக இருக்காதே.

அருணா


அரியூர் நாடு
24.8.2025

அன்புள்ள அருணாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் இளங்கோவும் அங்கே சாப்பாட்டுக்குக் கஷ்டப்படாமல் இருக்கிறீர்களா? உன் மகன் என்னைப் பார்த்து முதலில் பயந்தான். இப்போது தாடையைத் தொட்டுப் பார்த்து, "பெரியம்மா, இது காலா வாயா?" என்று கேட்கிறான். எக்ஸ்ரேயில் எலும்பு ஏறியிருப்பதாக ராதிகா டாக்டர் போனில் சொன்னார். குழைந்த சோறு தின்கிறேன். பேச்சில் சில எழுத்து இன்னும் வழுக்குகிறது. ஆனால் சொன்னால் புரியும்.

நீ பயந்தது போலவே அர்த்தனாரி வந்தான். நேற்று மத்தியானம். அவன் ஜீப்பும் வழக்கில் நிற்கிறது. ஊரில் யாரும் வண்டி கொடுக்கவில்லை. ரோட்டிலிருந்து நம் பள்ளத்துக்கு நடந்தே இறங்கி வந்திருக்கிறான். வழியில் ஒருவரும் அவனோடு பேசவில்லையாம். நான் தனியாக இல்லை. அம்மா உள்ளே குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்றான். உட்காரச் சொல்லவில்லை.

"கண்ணாயி, நடந்தது நடந்துபோச்சு. இளங்கோவைச் சாட்சியை மாத்திச் சொல்லச் சொல்லு. உங்க குடும்பத்துக்கு நான் எப்பவும் கெடுதல் நெனச்சதில்ல."

நான் கதவில் சாய்ந்தபடி குழந்தையின் துணியை மடித்தேன்.

"நான் எவ வாயிலயாவது திணிச்சனா? வேணுங்கறவங்க போட்டாங்க. உன் தங்கச்சிக்கே நீதான குடுத்த? வக்கீலு காட்டினாரு, அவளே சொல்லியிருக்கறா."

இதற்காகத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான். இதைச் சொன்னால் நான் தலையைக் குனிவேன் என்று நினைத்திருக்கிறான்.

"ஆமா, நான்தான் குடுத்தேன்" என்றேன். "கோர்ட்டிலயும் சொல்லுவேன். எந்தக் கையில வாங்கி எந்தக் கையில குடுத்தேன்னு சொல்லுவேன். அதை வெளிய சொல்லிருவேன்னு நீ மெரட்டறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல. அதுக்காகவேதான் உன்னை விட மாட்டேன்."

"இப்படிப் பழி வாங்கி உனக்கு என்ன கெடைக்கும்?"

"பழிதான் கெடைக்கும். அது போதும் எனக்கு."

வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்று தெரியவில்லை. அவனிடம் வக்கீல் இருக்கிறார். நம்மிடம் மாதம்மாள் இருக்கிறாள், முகாமில் பேரைச் சொன்ன அத்தனை பெண்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் கூண்டில் ஏறி வாயைத் திறந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பருவத்துக்குக் கிழங்குக்கு வேறு ஆள் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். மத்தியானம் கஞ்சி குடிக்க நேரம் விட்டால்தான் காட்டில் இறங்குவோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

அர்த்தனாரி துண்டால் முகத்தைத் துடைத்தான். நல்ல வெயில். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. திரும்பி ஏற வேண்டிய மேட்டை ஒரு தடவை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு சொம்பு தண்ணி குடு புள்ள" என்றான்.

நம் வீட்டில் யாருக்கும் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை அருணா. உனக்குத் தெரியும். வழி தவறி வந்தவனுக்கும் கொடுத்திருக்கிறோம், நமக்கு ஆகாதவனுக்கும் கொடுத்திருக்கிறோம். அம்மா சத்தம் கேட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். அவள் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தேன்.

"இல்ல" என்றேன்.

குடம் நிறைய இருந்தது. அவனும் பார்த்தான்.

நீ படலத்தை ஒழுங்காக ஒட்டிக்கொள். குழந்தை உன்னைக் கேட்கிறான். சீக்கிரம் வந்து சேருங்கள்.

அக்கா
கண்ணாயி